சரக்குச் சைக்கிளின் சக்கரம்: கட்டுவதா, மாற்றுவதா?

எக்ஸெல் வண்டி வந்த பிறகும், பக்கத்துத் தெருக்களுக்குச் சரக்கு அனுப்பப் பழைய 28 அங்குல சைக்கிள் ஒன்றை விடாமல் வைத்திருக்கும் மளிகைக் கடைகள் நம்மிடையே உண்டு. பெட்ரோல் செலவில்லை, எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் பின் சக்கரம் தேய்ந்து ஆட்டம் கொடுக்கத் தொடங்கியதும் ஒரு குழப்பம் வரும். இருப்பதைப் பிரித்துக் கட்டச் சொல்வதா, புதுச் சக்கரமே வாங்கிவிடுவதா? பெரும்பாலும் நாம் இரண்டையும் செய்யாமல் தள்ளிப்போடுகிறோம்.

நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான். ஒரு தீபாவளி வாரம். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பின் சக்கரத்தில் நான்கு ஸ்போக்ஸ் கம்பிகள் அறுந்திருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியைப் போட்டு ஓட்டினோம். பண்டிகை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டும் ஒரு எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு போனபோது, தெருமுனைத் திருப்பத்தில் சக்கரம் அப்பளம்போல் வளைந்து மடங்கிவிட்டது. எண்ணெய் முழுவதும் தெருவில். கொண்டுபோன ஊழியருக்கு முழங்காலில் அடி. பத்து நாள் வேலைக்கு வர முடியவில்லை. சரக்குக்குக் காத்திருந்த இரண்டு வீட்டார் மாதக் கணக்கையே வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கம்பி பாரத்தால் அறுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாரம் ஒரு பங்குதான். தளர்ச்சிதான் பெரிய காரணம். சக்கரம் உருளும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வருகையில் சற்றுத் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். கிலோமீட்டருக்கு 450 சுற்று என்று வையுங்கள். நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் ஓடினால், ஒரே கம்பி 20 லட்சம் தடவை தளர்ந்து இறுகுகிறது. விறைப்பாகக் கட்டிய கம்பி இதைத் தாங்கும். தளர்ந்த கம்பியோ ஹப்பின் துளையில் வளைந்து நிற்கும் இடத்தில் அசைந்து அசைந்து, அந்த வளைவிலேயே அறுந்துவிடும். அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின் தலையில் விழும். ஆகவே ஒன்று அறுந்தால் ஒன்று போடலாம். அடுத்தடுத்து மூன்று அறுந்தால் மற்றவையும் அதே வயதுதான். மொத்தமாக மாற்றியாக வேண்டும்.

சைக்கிள் கடைக்குப் போகுமுன் ஹப், ரிம், கம்பி மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹப் சோதனை சுலபம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா? கோனை இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இறுக்கிய பிறகும் கரகரவென்று சுற்றினால் பிரிக்கச் சொல்லுங்கள். கோனில் குழி விழுந்திருந்தால் கோனும் பால்ஸும் மாற்றினால் போதும், சின்னச் செலவு. பழைய பால்ஸோடு புதியதைக் கலந்து போட மட்டும் விடாதீர்கள். கப்பிலேயே குழி விழுந்திருந்தால் அந்த ஹப்பில் புதுக் கம்பி கோப்பது வீண்.

நம்மை ஏமாற்றுவது ரிம்தான். வளைந்த ரிம்மையும் கம்பிகளை முறுக்கியே நேராக்கிக் காட்டிவிடலாம். ஒரு பக்கம் கம்பி விறைத்து நிற்கும், மறுபக்கம் தொளதொளக்கும். சில வாரங்களில் பழைய கோணலே திரும்பும். நாம் மறுபடியும் கோட்டம் எடுக்கக் கூலி கொடுப்போம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோட்டம் உள்ள இடத்தில் கம்பிகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். ரிம் தானாக நேருக்கு வந்தால் அது நல்ல ரிம். தளர்த்தியும் வளைந்தே நின்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுற்றும்போது மேலும் கீழும் குதித்தால் பள்ளத்தில் மோதி நசுங்கியது என்று பொருள். காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றியதன் பலன் இது.

ராடு பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்துவதால் டயரைப் பிடிக்கும் விளிம்பு அவ்வளவாகத் தேயாது. அங்கே எதிரி துருதான். பஞ்சர் ஒட்டும்போது நிப்பிள் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். கேபிள் பிரேக் வண்டியில் கட்டை பக்கவாட்டில் உராயும். அந்தச் சுவர் குழிந்து மெலிந்திருந்தால், குறிப்பாக அலுமினிய ரிம்மில், காற்றழுத்தத்திலேயே பிளந்துகொள்ளும். அதில் ஒரு நாளும் சரக்கு ஏற்றக் கூடாது.

என் கணக்கு இதுதான். மூன்றில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கட்டுங்கள். இரண்டு கெட்டிருந்தால் புதிது வாங்குங்கள். இதற்கும் விலக்கு உண்டு. ஹப் பழைய கனமான ஹப்பாக இருந்து, கை தேர்ந்த ஆளும் கிடைத்தால், ரிம்மும் கம்பியும் போயிருந்தாலும் கட்டுவதையே நான் விரும்புவேன். ஆயத்தமாக விற்கும் சக்கரங்கள் பல ஒரு ஆள் ஓட்டுவதற்கென்று கட்டியவை. அவற்றில் வரும் 14 கேஜ் கம்பியின் கனம் 2 மில்லிமீட்டர். நம் வேலைக்கு 2.3 மில்லிமீட்டர் உள்ள 13 கேஜ் கேட்டுப் போடலாம். ஹப் துளையும் ரிம் துளையும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரிம் வாங்கும்போது துளையை எண்ணுங்கள். பழைய 28 அங்குல வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40. பிற்கால வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் 36. எண்ணாமல் வாங்கிவந்து, திருப்பிக் கொடுக்கப் போய் வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாமும் நம் கடையில் பிரித்த சரக்கைத் திரும்ப எடுப்பதில்லையே!

கட்டியதானாலும் வாங்கியதானாலும், புதுச் சக்கரத்தின் கம்பிகள் முதல் நூறு கிலோமீட்டருக்குள் படிந்து சற்றுத் தளரும். நம் ஓட்டத்துக்கு அது ஒரு வாரம். எட்டாம் நாள் காலை, சரக்கு ஏற்றுவதற்கு முன், கட்டிய கடையிலேயே நிறுத்தி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். பலர் அதற்குக் கூலி கேட்பதில்லை, கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.