சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஏன் சேற்று நிறம்?

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சிவாஜிநகரில் சிவப்பு செர்ரி இறாலும் நீல இறாலும் வாங்கி ஒரே தொட்டியில் விட்டிருக்கிறார். சில மாதங்களில் தொட்டி நிறையக் குஞ்சுகள். ஆனால் ஒன்றுகூடச் சிவப்பில்லை, நீலமும் இல்லை. எல்லாமே ஏரிச்சேறு போல ஒரு மங்கல் பழுப்பு. “சாயம் ஏற்றி விற்றுவிட்டார்களா?” என்பது அவர் கேள்வி.

சாயமாக இருந்தால் முதல் தோலுரிப்பிலேயே தாய் இறால்கள் வெளுத்திருக்கும். இவை வெளுக்கவில்லை. கடைக்காரர் மேல் பழி இல்லை. அந்தப் பழுப்புக் குஞ்சுகள்தான் இந்த இனத்தின் இயல்பான உருவம். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று கடையில் பார்ப்பவை எல்லாம் பெரும்பாலும் ஒரே இனம், நியோகாரிடினா டேவிடி. ஓடைகளில் அது பழுப்பும் பச்சையும் கலந்த, புள்ளி விழுந்த, கண்ணில் படாத சிற்றுயிர். சிவப்பாகப் பிறந்தால் மீனுக்கு இரையாகிவிடும்.

சிவப்பும் நீலமும் கூடினால் பழைய பழுப்பு திரும்பி வருகிறதே, எனக்கு அதில்தான் தீராத ஆசை. இறாலின் தோலுக்கடியில் பல நிறமிகள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்தால்தான் அந்தச் சேற்று நிறம். அதை ஒரு சாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இறாலிடமும் இரண்டு சமையல் நோட்டுகள் உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. சிவப்புக் குடும்பத்தில் இரண்டு நோட்டிலும் பருப்புப் பக்கம் கிழிந்துபோனது. அதனால் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புளி ரசம் மட்டும். நீலக் குடும்பத்தில் கிழிந்தது புளிப் பக்கம். அங்கே என்றைக்கும் பருப்புக் கடையல். இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் நடக்கிறது. பிள்ளைக்கு அந்த வீட்டு நோட்டில் ஒன்று, இந்த வீட்டு நோட்டில் ஒன்று. இதில் கிழிந்த பக்கம் அதில் முழுசாக இருக்கிறது. ஒரு நல்ல பிரதி போதும், சமைத்துவிடலாம். சாம்பார் திரும்பி வந்துவிட்டது.

பேரக்குழந்தைகள் இன்னும் சுவையானவர்கள். நோட்டுகளின் பக்கங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்படுவதால், பழுப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள்ளேயே கூடவிட்டால் கணக்குப்படி 16 பேரில் 9 பேருக்குச் சாம்பார், 3 பேருக்கு ரசம், 3 பேருக்குப் பருப்பு. ஒருவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கிழிந்திருக்கும். அந்த இலையில் வெறும் சோறு, அதாவது ஏறக்குறைய கண்ணாடி போன்ற இறால். மரபியலாளர் மெண்டலின் பழைய 9:3:3:1 விகிதம்தான் இது. இரண்டே மரபணு என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத் தொட்டியில் இத்தனை சுத்தமாக வராது. எந்தப் பக்கம் இருக்கிறது என்பதோடு, உப்பும் காரமும் எவ்வளவு என்று பல சிறு மரபணுக்கள் ஓரத்தில் குறித்து வைத்திருக்கின்றன. ஒரு சிவப்பு இறால் சோகையாகவும் இன்னொன்று குங்குமம் போலவும் இருப்பது அந்த ஓரக் குறிப்புகளால். செர்ரி, சகுரா, ஃபயர் ரெட் என்று தரம் பிரித்து விலை ஏற்றுவதும் அதை வைத்துத்தான்.

வரலாறு இதில் கொஞ்சம்தான். 1904-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே இந்த இனத்தை விவரித்தார். பாண்டா கரடியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய பாதிரியார் அர்மான் டேவிட்டின் பெயர்தான் அதில் இருக்கிறது. இன்னோர் இனத்தில், 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஹிசயாசு சுசுகி கறுப்பு வெள்ளைக் கூட்டத்தில் அபூர்வமாகத் தோன்றிய சிவப்பிலிருந்து ‘கிரிஸ்டல் ரெட்’ வகையை உருவாக்கினார். அதுவும் ஓர் ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு நோட்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும்.

தேர்ந்தெடுத்து வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. செர்ரி இறாலில் பெண்தான் பெரிது, அடர் சிவப்பு. ஆண் வெளிறிப்போய் இருக்கும். நல்ல பெண்ணைக் கண்ணால் பொறுக்கிவிடலாம். ஆணிடம் என்ன இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாட்டுப் பண்ணையிலும் இதே சிக்கல்தான். காளைக்குப் பால் சுரக்காது, மகள்களின் பாலை அளந்துதான் காளையின் தரம் தெரியும். பெங்களூரில் 1923-ல் தொடங்கிய, இன்று ஆடுகோடியில் தென்மண்டல நிலையமாக இருக்கும் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் துறைக்கே இது அடிப்படைப் பாடம். இறாலிலும் அதே வழி. ஓர் ஆணைச் சில பெண்களோடு தனியே விட்டு, மகள்களின் சிவப்பைப் பாருங்கள். பெண் வயிற்றடியில் இருபது முப்பது முட்டைகளைச் சுமக்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரியவர்களின் அச்சாகவே குஞ்சுகள் இறங்கிவிடும். மூன்று நான்கு மாதத்தில் அவையும் முட்டை சுமக்கும். ஒரு வருடத்துக்குள் மூன்று தலைமுறை பார்த்துவிடலாம்.

பார்க்கும்போது தரையைக் கவனியுங்கள். ஓர் இறாலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, செல்போன் வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். தோல் முழுதும் கிளை விட்ட செம்புள்ளிகள். கறுப்புத் துணிமேல் வைத்தால் நிறமித் துகள்கள் அந்தக் கிளைகளுக்குள் பரவி உடம்பு அடர்ந்துவிடும். வெள்ளைத் தாள்மேல் வைத்தால் துகள்கள் நடுவில் ஒடுங்கி, புள்ளி புள்ளியாகச் சுருங்கிவிடும். கண்தண்டில் சுரக்கும் ஹார்மோன்கள் இதை நடத்துகின்றன. அவற்றில் ஒன்று வெறும் எட்டு அமினோ அமிலம் நீளம். 1972-ல் அதன் வரிசையைக் கண்டுபிடித்தார்கள். எனவே கறுப்பு மணல் தொட்டியில் பார்த்து ‘அடர் ரகம்’ என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘கலர் ஏற்றும் தீவனம்’ என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புங்கள். இறாலுக்குக் கரோட்டினாய்டு நிறமிகளைச் சுயமாக உண்டாக்கத் தெரியாது. பாசியிலிருந்து எடுத்து, அதை அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்கிறது. அதனால் தீவனம் நிறத்தைத் தூக்கிக் காட்டும், பொய்யில்லை. ஆனால் அந்த நிறம் தின்ற இறாலோடு நிற்கும், முட்டைக்குள் போகும் மரபணுவைத் தொடாது. ‘அரிய இறக்குமதி மரபு’ என்ற பெயரும் அப்படித்தான். ஒரே தொட்டியில் வளர்ந்த இரண்டு தலைமுறைக் குஞ்சுகளைக் காட்ட முடியாதவரை அது வெறும் பெயர்.

கேள்வி கேட்டவர் பழுப்புக் குஞ்சுகளைக் கைவிட வேண்டியதில்லை. தனித் தொட்டியில் பெருகவிட்டால் பேரக்குஞ்சுகளில் சிவப்பும் நீலமும் மறுபடி தலைகாட்டும். அவற்றை எடுத்து நிறம்வாரியாகப் பிரித்து வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கிய பிறகே ஊற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு துளிகூட வேண்டாம், இறாலுக்கு அது நஞ்சு.

மிஞ்சியதை மட்டும் ஹெப்பால் ஏரியிலோ அல்சூர் ஏரியிலோ கொட்டிவிடாதீர்கள். ஜெர்மனியின் கில்பாக் ஓடையில் இதே செர்ரி இனம் குடியேறியிருப்பதை 2013-ல் அறிவித்தார்கள். அந்தக் குளிர் நாட்டில் அது பிழைக்க, அனல் மின் நிலையத்தின் சுடுநீர் ஓடையில் கலக்க வேண்டியிருந்தது. பெங்களூர் ஏரிகளில் வெந்நீர் ஊற்ற யாரும் தேவையில்லை. ஆண்டு முழுதும் அந்த இறாலுக்குப் பிடித்த சூடு அங்கே இருக்கிறது.