மைவாடியில் சுற்றும் ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலை

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்: 'எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் காற்றாலை. ஆனால், தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரன்ட் பில் கட்ட எங்கள் ஊராட்சி திணறுகிறது. ஊராட்சியே சொந்தமாக ஒரு காற்றாலை வைத்துக்கொள்ள முடியாதா?'

முடியும். ஒரு ஊராட்சி வைத்தும் இருக்கிறது. அந்தக் காற்றாலை நிற்பது நம் திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைக்குக் கிழக்கே உள்ள மைவாடியில். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் தனியாகவே எழுதுகிறோம்.

அந்த ஊராட்சியின் பெயர் ஓடந்துறை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அங்கே தலைவரானவர் ஆர். சண்முகம். 2006 வரை பத்தாண்டுகள் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவர் பொறுப்புக்கு வந்தார்.

சண்முகம் புவி வெப்பமயமாதலைப் பற்றிப் பேசி இதில் இறங்கியவர் அல்ல. அவரை இழுத்துவிட்டது கரன்ட் பில். குடிநீர்த் திட்டம் வந்து, தெருவிளக்குகள் கூடக் கூட, ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் 2,000 ரூபாய் அளவிலிருந்து 50,000 ரூபாய் வரை ஏறிவிட்டது. பவானி பக்கத்தில் ஓடினாலும் மோட்டார் ஓடினால்தானே குழாயில் தண்ணீர்? வருகிற வரியெல்லாம் மின்வாரியத்துக்கே போனால் ரோடு போட எதை வைத்துப் போடுவது?

முதலில் சில தெருக்களில் சூரியசக்தி விளக்கு போட்டுப் பார்த்தார்கள். அடுத்து 2003-இல், குடிநீர் இறைக்க 9 கிலோவாட் திறனில் மர எரிவாயுக் கலன் ஒன்றை நிறுவினார்கள். காய்ந்த மரத்துண்டுகளைக் காற்றைக் குறைத்துவிட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அதைச் சுத்தப்படுத்தி எஞ்சினுக்குள் விட்டால் மோட்டார் ஓடும். தண்ணீர் இறைக்கிற செலவு நன்றாகவே குறைந்தது. ஆனால், இந்த வகைக் கலனில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ காய்ந்த விறகு வேண்டும். விறகு ஈரமாக இருந்தால் தார் படியும். தினமும் கிளறிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். மர அறுவை மில் பக்கத்தில் இருக்கிற ஊருக்குத்தான் இது கட்டுப்படியாகும். எல்லா ஊருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

காற்றாலைக் கணக்கு

பெரிய அடி 2006-இல் வைத்தார்கள். 350 கிலோவாட் காற்றாலை, விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து போட்டது 40 லட்சம். மீதி 1.15 கோடி வங்கிக் கடன்.

ஓடந்துறையில் காற்று போதாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம்தான் ஓங்கி அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் நம் சீமைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். அதனால் காற்றாலையை மைவாடியில் நட்டார்கள். அப்போது அது கோவை மாவட்டம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இங்கே சுற்றும் காற்றாலைக்கும் ஓடந்துறைக்கும் தனிக் கம்பி கிடையாது. உற்பத்தியாகிற மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏறும், கணக்கு ஊராட்சி பெயரில் வரவாகும். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் பலர் உடுமலைப் பக்கம் காற்றாலை நிறுத்தி, தங்கள் மில் பில்லில் கழித்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதான். ஏற்றுமதியாளருக்குத் தெரிந்த இந்த வழியை ஒரு கிராம ஊராட்சியும் பிடித்துக்கொண்டது.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும் என்பது கணக்கு. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சம் 2.25 லட்சம் யூனிட் மின்வாரியத்துக்கு விற்பனை. 350 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். வருவது அதில் 22 சதவிகிதம். காற்று, வைகாசி முதல் புரட்டாசி வரை வெளுத்து வாங்கிவிட்டு மற்ற மாதங்களில் படுத்துவிடும். காற்றாலை விற்க வருகிறவர் 'இத்தனை கிலோவாட்' என்று சொன்னால், 'வருடத்துக்கு எத்தனை யூனிட்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காற்றாலை மின்சாரத்துக்கு மின்வாரியம் கொடுத்தது யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கும் கீழே. அப்படியானால் மொத்த உற்பத்தியின் மதிப்பு வருடம் 20 லட்சத்தைத் தாண்டாது. 1.15 கோடி கடன், அதற்கு வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஐந்து வருடப் பதவிக்குள் அடைகிற கடன் இல்லை. காற்றாலை சுற்றத் தொடங்கிய 2006-இலேயே சண்முகத்தின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. பலன் முழுக்கப் பின்னால் வருகிறவர்கள் கணக்கில்தான் சேரும் என்று தெரிந்தே கடன் வாங்கியிருக்கிறார். திறப்பு விழாக் கல்வெட்டுக்காக நிழற்குடை கட்டுகிற அரசியலில் இது அபூர்வம். அவருடைய பத்தாண்டில் நாம் முதலில் குறிக்க வேண்டியது இதைத்தான்.

நம் மாவட்டத்தில் சுற்றுச்சூழல் என்றாலே நொய்யலும் சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையும்தான் நினைவுக்கு வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை, விவசாயிகள் கோர்ட் படி ஏறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஓடந்துறையில் தேர்ந்தெடுத்த பிரதிநிதியே முன்னால் நடந்தார்.

மற்ற ஊர்களில் ஏன் நடக்கவில்லை?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஓடந்துறை மாதிரி ஏன் பெருகவில்லை என்றால், 40 லட்சம் சேமிப்பு எல்லா ஊராட்சியிடமும் இல்லை என்பது முதல் காரணம். ஆனால் பல்லடம், அவிநாசிப் பக்கம் மில்களும் தறிகளும் இருக்கிற ஊராட்சிகளுக்குத் தொழில் வரி, சொத்து வரி கொஞ்சமாக வருவதில்லை. அங்கெல்லாம் பணம் இல்லை என்று சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம்.

இரண்டாவது காரணம் நியாயமானது. 350 கிலோவாட் இன்றைக்குப் பொடி இயந்திரம். இப்போது நிறுத்துவதெல்லாம் 2,000 கிலோவாட்டுக்கு மேல். ஒரு தனி ஊராட்சி தொட முடியாத விலை. நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்தோ ஒன்றியம் மூலமோதான் யோசிக்க முடியும். பழைய காற்றாலைகளுக்கும் வயதாகிறது. 20 ஆண்டு கடந்தவற்றைப் புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது பற்றித் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. 2006-இல் நட்ட ஓடந்துறைக் காற்றாலைக்கு 2026-இல் 20 வயது.

இன்றைக்கு ஒரு சிறிய ஊராட்சிக்கு எளிது சூரியசக்திதான். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி கூரை, நாளைக்குச் சராசரியாக 4 யூனிட். ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் என்று 1,000 சதுர அடி கூரை இருந்தால் 10 கிலோவாட். ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்கு மேல். குடிநீர் மோட்டாரைப் பகலிலேயே ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

தாராபுரம் வாசகருக்கு: 2019 இறுதியில் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், யாராக இருந்தாலும், கேட்க ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிகளுக்கு 'கணக்கு எண் 2' என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு உண்டு. மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவதற்கென்றே உள்ள கணக்கு அது. போன வருடம் அதிலிருந்து கரன்ட் பில்லுக்கு எவ்வளவு போனது, பாக்கி எவ்வளவு, அதைக் குறைக்க என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். தேர்தல் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராமசபை உண்டு. வரவு-செலவை அங்கே வாசித்தாக வேண்டும்; வாசிக்கும்போது மின்கட்டணத் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.