செந்தேள் கொட்டினால் இதயத்துக்கு என்ன ஆகிறது?

செஞ்சிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. ராஜகிரிக் கோட்டை மலையடிவாரத்துப் பாறை இடுக்கு, வீட்டோரம் அடுக்கிய விறகு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு என எங்கும் தேள் ஒண்டும். நம் ஆட்கள் பயப்படுவதெல்லாம் கன்னங்கரேலென்ற நட்டுவாக்காலிக்குத்தான். அது கொட்டினால் கடுக்கும். பெரும்பாலும் அதோடு சரி. உயிருக்கு உலை வைப்பது விரல் நீளமே இருக்கும் செந்தேள். அது எப்படி என்று புரிய, நம் உடம்பில் சுரக்கும் ஒரு ரசாயனத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நம்மை நிற்க வைக்கும் ரசாயனம்

படுத்திருந்தவர் எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. ஆனாலும் தலை சுற்றுவதில்லை. நரம்பு முனைகளில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் நொடிகளில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் காப்பாற்றிவிடுகிறது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு பகுதியிலும் இது சுரக்கிறது. விழிப்பும் கவனமும் அதன் தயவு. இது நரம்புகளின் தூதுப்பொருள் என்று 1946இல் கண்டறிந்த சுவீடன் விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

மடை உடைந்தால்

செந்தேள் விஷம் நரம்புகளின் சோடியம் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. சொட்டுச் சொட்டாக வரவேண்டிய நார்எபிநெஃப்ரினும் அட்ரீனலினும் மடை உடைந்ததுபோல் கொட்டுகின்றன. வாந்தி வரும், உடம்பு வியர்த்து ஊற்றும், கை, கால் சில்லிட்டுப்போகும். ரத்த அழுத்தம் எகிற, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கும். எடை குறைவு என்பதால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. விஷம் உடம்பெங்கும் பரவியவர்களில் பலருக்கு வலி அவ்வளவாக இருப்பதில்லை.

மகாடு தந்த மாத்திரை

மகாராஷ்டிரத்தின் மகாடு, ராய்கட் கோட்டை இருக்கும் வட்டாரம். (2025இல் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியோடு சேர்ந்து இடம்பிடித்த கோட்டைதான்.) அங்கே கிராமத்து நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980களில் பிரசோசின் என்ற மலிவான ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். நார்எபிநெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. இப்போது இதனுடன் விஷமுறிவு ஊசியும் சேர்த்துத் தரப்படுகிறது.

கொட்டியதும்

மந்திரிப்பது, கயிறு கட்டுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். பிரசோசினை மருத்துவர்தான் தர வேண்டும். கொடுத்த பிறகு சில மணி நேரம் குழந்தையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், சோறு ஊட்டக்கூட. எழுந்தால் குழாய்களைச் சுருக்க நார்எபிநெஃப்ரினுக்கு அப்போது வழியில்லை. அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும்.