புழுவின் மேல் இருப்பது முட்டையல்ல!

கோடை இறவை நிலக்கடலை வயல்களைப் பார்வையிடச் செல்லும்போது விவசாயிகள் என்னிடம் அடிக்கடி காட்டும் காட்சி ஒன்று உண்டு. இலையின் மேல் ஒரு புழு சோர்ந்து கிடக்கும். அதன் உடலின் மேலோ பக்கத்திலோ அரிசி நொய் போன்ற வெண்மையான சிறு கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். "பாருங்க ஐயா, ஒரு புழு எத்தனை முட்டை வைத்திருக்கிறது!" என்று சொல்லி, அதைக் கீழே போட்டுக் காலால் தேய்த்துவிடுவார்கள்.

புழு முட்டையிடுவதில்லை. அது கூட்டுப்புழுவாகி, பிறகு அந்துப்பூச்சியாக மாறிய பின்னரே முட்டையிடும். வெண்மையாகத் தெரிபவை குளவிக் கூடுகள். அபான்டலிஸ் போன்ற சிறு குளவிகள் இளம் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. குளவியின் குஞ்சுகள் உள்ளேயே புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டுகின்றன. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒரு குளவி வெளிவந்து அடுத்த புழுவைத் தேடிச் செல்லும். கூலி கேட்காமல் நம் வயலில் வேலை செய்யும் ஆளைத்தான் நாம் காலால் தேய்த்துவிடுகிறோம்.

கோடையில் ஏன் கவனம் தேவை?

மார்கழி, தைப் பட்டங்களில் விதைத்த இறவை நிலக்கடலையைப் புரொடீனியா புழு, பச்சைக் காய்ப்புழு, சுருள்பூச்சி ஆகியவை தாக்குகின்றன. புரொடீனியாவும் பச்சைக் காய்ப்புழுவும் உளுந்து, பருத்தி, சூரியகாந்தி ஆகியவற்றையும் விட்டுவைப்பதில்லை. சுற்றிலும் மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கும்போது, கிணற்றுப் பாசனத்தில் பசுமையாக நிற்கும் வயலை நாடி அந்துப்பூச்சிகள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து இயற்கை எதிரிகளும் அதே வயலுக்கு வருகின்றன. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே மீதிப் பருவம் அமைகிறது.

நான் செய்த தவறு

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், விழுப்புரம் பகுதியில் ஒரு நிலக்கடலை வயலுக்குச் சென்றேன். பயிருக்கு வயது முப்பது நாள். இலைகளில் ஓட்டைகள் தெரிந்தன. செடியைப் புரட்டிப் பார்க்காமலே மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் புழுக்கள் செத்து விழுந்தன, விவசாயிக்கு மகிழ்ச்சி. விழுது இறங்கும் பருவத்தில் மறுபடியும் புழு வந்தது, முன்னைவிட அதிகமாக. இரண்டாம் முறை தெளித்தார். மூன்றாம் முறையும் தெளித்தார். நான் மறுபடி சென்று பார்த்தபோது அந்த வயலில் ஒரு சிலந்தியோ பொறிவண்டோ கண்ணில் படவில்லை.

வாய்க்காலுக்கு அடுத்த வயல்காரர் மருந்து வாங்கப் பணம் இல்லாமல் சும்மா இருந்துவிட்டவர். அவர் வயலிலும் ஆரம்பத்தில் இலைகள் ஓட்டையாயின. ஆனால் பயிர் புதிய இலைகளைத் தள்ளித் தேறிவிட்டது. அறுவடையில் இருவருக்கும் காய் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்கு மட்டும் மருந்துக் கடையில் கடன் நின்றது. அந்தக் கடனுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளே காரணம் என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. வளர்ந்த புரொடீனியா புழு பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்துகொண்டு இரவில் மேயும். மருந்துக்கு எளிதில் அகப்படாது. இலையின் மேல் அலைந்து திரியும் குளவியும் சிலந்தியும் முதல் தெளிப்பிலேயே மடிந்துவிடும். அடுத்து வரும் அந்துப்பூச்சி இடும் முட்டைகளுக்குக் காவல் இல்லை.

இது ஒரு வயலின் கதை மட்டுமன்று. 1987ஆம் ஆண்டில் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தியைப் பச்சைக் காய்ப்புழு அழித்தது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்தும் புழு சாகவில்லை. அம்மருந்துகளைத் தாங்கும் சக்தியை அது பெற்றுவிட்டிருந்தது.

வயலில் உள்ள நண்பர்கள்

முட்டைப் பருவத்திலேயே வேலையைத் தொடங்குவது டிரைக்கோகிரம்மா. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இக்குளவி, பச்சைக் காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அம்முட்டை கறுத்துவிடும், அதிலிருந்து புழு வராது. ஆனால் புரொடீனியா தன் முட்டைக் குவியலைப் பழுப்பு நிற ரோமத்தால் மூடிவிடுவதால், டிரைக்கோகிரம்மா அங்கு நன்கு பயன்படாது. ஆகவே புரொடீனியாவுக்கென்று இந்த அட்டையை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு ஏற்றது டெலினோமஸ் ரீமஸ் என்னும் மற்றொரு முட்டை ஒட்டுண்ணி.

கேம்போலெட்டிஸ் என்னும் குளவி பச்சைக் காய்ப்புழுவைச் சிறிய பருவத்திலேயே தாக்கும். அப்புழு பெரிதாகிக் காயைத் துளைக்கும் முன்பே இறந்துவிடும். இலையில் சுருங்கிய புழுத் தோலும் அதன் அருகே வெளிர்நிறக் கூடு ஒன்றும் காணப்பட்டால் இக்குளவி வேலை செய்கிறது என்று பொருள். புழுவின் மேல் ஈயின் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருப்பதும் உண்டு. இவை டாக்கினிட் என்னும் ஒட்டுண்ணி ஈயின் முட்டைகள். இப்புழுவுக்கும் ஆயுள் அதிகமில்லை.

பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் அசுவினியோடு அந்துப்பூச்சியின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தின்னும். மெல்லிய நூலின் நுனியில் தனித்தனியாக நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. தரை வண்டுகளும் சிலந்திகளும் தரையில் வேட்டையாடும். கரிச்சான், மைனா, கொக்கு ஆகியவை பெரிய புழுக்களைப் பொறுக்கிவிடும்.

செடியின் உச்சியில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீர் வடியும் புழு, வைரஸ் நோயால் இறந்தது. வேறு சில புழுக்கள் பூசணம் படர்ந்து விறைத்துக் கிடக்கும். பூசணத்துக்கு ஈரக்காற்று தேவை. எனவே கடும் கோடையில் அதை நம்பியிருக்க முடியாது.

பாட்டில் சோதனை

மருந்துக் கடைக்குப் புறப்படும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வயலின் பல இடங்களிலிருந்து நடுத்தர அளவுள்ள இருபது புரொடீனியா புழுக்களைப் பிடித்து, வாய் அகன்ற பாட்டில்களில் இலையோடு போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, நிழலில் வையுங்கள். தினமும் புதிய இலை கொடுங்கள். பச்சைக் காய்ப்புழு ஒன்றையொன்று தின்னும் என்பதால் அதைத் தனித்தனியாக வைக்க வேண்டும். நான்கைந்து நாளில் கூடு கட்டியவை எத்தனை, நோயில் இறந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இறந்திருந்தால், உங்கள் வயலில் ஏற்கெனவே ஒரு தெளிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பதே உங்கள் வேலை.

செய்ய வேண்டியவை

வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆமணக்கு விதையுங்கள். புரொடீனியா அந்துப்பூச்சி ஆமணக்கை விரும்பி முட்டையிடும். முட்டைக் குவியல் உள்ள இலைகளையும், இளம் புழுக்கள் கூட்டமாகச் சுரண்டி வெளுத்துப்போன இலைகளையும் வாரம் இருமுறை கிள்ளி அழியுங்கள்.

நிலக்கடலையின் நடுவே தட்டைப்பயறு அல்லது உளுந்தை ஊடுபயிராக விதையுங்கள். குளவிகளுக்குத் தேன் வேண்டும். பூ இல்லாத கோடை வயலில் அவை நிலைக்கமாட்டா.

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகளும், பறவைகள் உட்கார 20 குச்சிகளும் நட்டு வையுங்கள்.

புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டிய நிலை வந்தால், 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை முதலில் பயன்படுத்துங்கள். இதற்கு 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். அல்லது ஏக்கருக்கு 100 எல்.இ. அளவு என்.பி. வைரஸ் கரைசலுடன் ஒரு கிலோ வெல்லம் கலந்து தெளியுங்கள். புரொடீனியாவுக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கும் வைரஸ் வெவ்வேறு. ஒன்றுக்கு உரியது மற்றொன்றைக் கொல்லாது. வெயிலில் வைரஸ் செயலிழந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். டிரைக்கோகிரம்மா அட்டையையும் மாலையிலேயே, இலையின் அடிப்புறத்தில் கட்ட வேண்டும்.

விழுது இறங்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் இலைச் சேதம் மிகுந்து, புழுக்களும் நோயோ கூடோ இல்லாமல் கொழுத்துத் திரிந்தால், வேளாண்மை அலுவலரைக் கலந்து இரசாயன மருந்தைப் பயன்படுத்தலாம். அது கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும்.

நாளைக் காலை வயலுக்குச் செல்லும்போது வரப்பில் நின்று பார்த்துத் திரும்பாமல், உள்ளே இறங்கி, ஐந்து இடங்களில் செடியைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைக் கூடு சுமந்த புழு கிடைத்தால் இலையோடு அப்படியே விட்டுவிடுங்கள்.