விளாவாத வெந்நீர்

குளிக்கிற வெந்நீர் அதிகம் சுட்டால் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றி விளாவிக்கொள்வோம். ஜப்பானின் குன்மா மாகாணத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் குசாட்சு என்ற மலையூரில் இதைப் பெரிய குறையாக நினைப்பார்கள். அங்கே வெந்நீரை விளாவுவதில்லை, ஆற்றுவார்கள். காப்பியை டபராவில் ஆற்றுகிறோமே, அதேதான்.

குசாட்சுவுக்குப் பக்கத்திலேயே ஷிரானே எரிமலை இருக்கிறது. மலையில் பெய்கிற மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, அடியில் கொதிக்கும் பாறையின் சூட்டையும் எரிமலை வாயுக்களையும் வாங்கிக்கொண்டு மேலே வருகின்றன. ஊர் முழுக்க நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பம்பு கிடையாது, தானாகப் பொங்குவதுதான். ஊர் நடுவில் யுபதாகே இருக்கிறது. ‘வெந்நீர் வயல்’ என்று பொருள். 50 டிகிரிக்கு மேல் சூடான நீரை ஏழு நீள மரத்தொட்டிகளில் வாய்க்கால்போல ஓடவிடுகிறார்கள். ஓடி முடிப்பதற்குள் சூடு தணிந்துவிடும். மரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாகக் கந்தகம் படியும். அதற்கு யுனோஹானா, அதாவது ‘வெந்நீர்ப் பூ’ என்று பெயர். சுவரில் உப்புப் பூக்கிறது என்று நாம் சொல்வதில்லையா?

விளாவினால்தான் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். 52 டிகிரியில் 100 லிட்டர் நீர் இருக்கிறது. குளிக்கத் தோதாக அதை 42 டிகிரிக்குக் கொண்டுவர, 12 டிகிரி குளிர்நீர் 33 லிட்டர் வேண்டும். தொட்டியில் கால்பங்கு வெறும் தண்ணீர் என்றாகிவிடும். நீர் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் அதே 10 டிகிரியை ஆற்றிக் குறைத்தால் ஒன்றே முக்கால் லிட்டர் ஆவியானாலே போதும், மருந்துச் சத்து முழுசாகத் தொட்டியில் நின்றுவிடும்.

தொட்டிக்குள் ஆற்றுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: யுமோமி. ஆள் உயரப் பலகையைத் தொட்டியில் செங்குத்தாக இறக்கி, துடுப்புப் போடுவதுபோல இப்படியும் அப்படியும் புரட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, பாட்டுப் பாடி, தாளம் தப்பாமல் புரட்டுவார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் நிகழ்ச்சியாகிவிட்டது. ஒருகாலத்தில் அது சிகிச்சையின் முதல் படி. ஆற்றிய பிறகும் 47, 48 டிகிரி இருக்கும் நீரில் நோயாளிகள் கூட்டமாக இறங்கி, தலைவர் ஒருவர் நேரம் கூவக் கூவ, மூன்றே நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அசைந்தால் தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் கலைந்து சுடும் என்பது அனுபவம். 1876இல் ஜப்பானுக்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் இந்த ஊரின் நீரை வெளிநாட்டினருக்கு எடுத்துச் சொன்னவர்.

இந்த நீரின் அமிலத்தன்மை pH 2 சொச்சம், ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. கிருமிகள் பிழைப்பது கடினம். கண்ணில் பட்டால் எரியும். வெள்ளி மோதிரம் கறுத்துப்போகும், இரும்பு ஆணி இளைத்துப்போகும். மரத்தொட்டியும் மரவாய்க்காலும் வெறும் அழகுக்காக வந்தவை அல்ல.

இப்படிப்பட்ட ஊர்களில் தங்குவதற்கு ரியோகான் என்ற விடுதி இருக்கிறது. யமனாஷி மாகாணத்தில் 705ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் விடுதி ஒன்று உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸில் இடம்பெற்றிருக்கிறது. எனக்கு வயதைவிட ஒழுங்குதான் வியப்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். கொடுக்கிற வீட்டுச் செருப்பையும் கோரைப்பாய் விரித்த அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அறையில் தேநீரும் பயறு பூரணம் வைத்த ஒரு சின்னப் பலகாரமும் காத்திருக்கும். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும். மாற்றி உடுத்துவது பிணத்துக்கு. நாம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேஜை ஓரத்துக்குப் போய், அதே பாயில் படுக்கை விரித்திருக்கும்.

குளியலறையில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். தொட்டி அழுக்குப் போக்க அல்ல. சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை போக அலசிய பிறகே இறங்க வேண்டும். துணி எதுவும் உடுத்தக் கூடாது. கையிலிருக்கும் சிறு துண்டைக்கூட நீரில் நனைக்காமல் மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று: பல விடுதிகளில் ஆண்கள் அறையையும் பெண்கள் அறையையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் நேற்று போன கதவுக்கே போகாமல், தொங்கும் திரையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கழுத்துவரை நீரில் அமர்ந்தால் நீரின் அழுத்தம் கால்களில் தேங்கிய ரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளும். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். குடித்துவிட்டு இறங்காதீர்கள் என்று எழுதிப்போடுவது அதனால்தான்.

உடை மாற்றும் அறையில் பிரேம் போட்ட ஒரு தாள் தொங்கும். நீரின் பகுப்பாய்வு அது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி இருந்தாலே ஒன்சென், அதாவது ‘வெந்நீர் ஊற்று’ என்ற பெயர் கிடைக்கும். குளிர்ந்த நீராக இருந்தாலும் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் போதும். சட்டம் இவ்வளவு தாராளம். 2004இல் பெயர்பெற்ற ஓர் ஊரில் பால்வெள்ளை நிறத்துக்காகக் குளியல் பொடி கரைத்தது அம்பலமானது. மறு ஆண்டிலிருந்து, தண்ணீர் சேர்த்தோமா, சூடேற்றினோமா, சுழற்றி மறுபடி விட்டோமா, மருந்து கலந்தோமா என்று எழுதி வைப்பது கட்டாயமாயிற்று. விளாவினால் விளாவினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

குசாட்சுவின் நீர் தொட்டியை விட்டு வழிந்து யுகாவா ஆற்றில் சேருகிறது. ஒருகாலத்தில் அந்த ஆற்றில் மீன் இல்லை, கான்கிரீட் பாலம் நிலைக்கவில்லை, வயலுக்கும் உதவவில்லை. 1964 முதல் ஊரை ஒட்டியே ஓர் ஆலை, சுண்ணாம்புக்கல் மாவைக் கரைத்து இரவும் பகலும் ஆற்றில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் கலக்க மனம் வராத அதே நீரில், ஊர் எல்லை தாண்டியதும் டன் கணக்கில் சுண்ணாம்புப்பால் கலக்கிறது. கீழே ஷினாகி அணையில் வண்டல் படிகிறது. அதை அவ்வப்போது தோண்டி எடுத்து மலையில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள்.