படகில்லாமல் பாம்பன் தீவில் ஏழு நாள்

கோடையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போக வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. "நம்மிடம் படகு இல்லையே" என்று பாதிப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் கோடை என்பது படகுகளுக்கே ஓய்வுக் காலம். மீன்கள் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப் படகும் வள்ளமும் போகும். கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கும் அந்தத் தடை கிடையாது. ஆகவே படகில்லாதவர் கிளம்புவதற்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை.

கரையில் நிற்பவருக்குப் பெரிய தொல்லை காற்றுதான். படகுக்காரர் காற்று மறைவைத் தேடிப் போய்விடுவார். நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். எதிர்க்காற்று பலமாக அடித்தால் ஈயக்குண்டு முப்பது அடிகூடப் போகாது, அலை கலங்கிச் சேறாகிவிடும். ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கி, ஏழு நாளும் இப்படியே போனால் மனசு விட்டுப்போகும். எனக்கு முதல் பயணம் அப்படித்தான் போனது. அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, காற்று திரும்பினால் நாமும் திரும்பிக்கொள்ள அங்கே வழி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாம்பன் தீவை நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கினால் கதை தலைகீழ். இரண்டு கரைக்கும் இடையே தீவின் பல இடங்களில் சில கிலோமீட்டர்தான். ஒரு வாடகை ஸ்கூட்டர் இருந்தால் காலையில் ஒரு கடல், மாலையில் இன்னொரு கடல். படகுள்ளவர் தேடிப் போகும் மறைவு நமக்குச் சாலையிலேயே கிடைக்கிறது.

நாள் குறிக்க இரண்டு கணக்கு உண்டு. ஒன்று காற்று. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதக் கடைசியில் கச்சான் வலுக்கத் தொடங்கும். அதன்பிறகு போனால் வடகரையை மட்டும் நம்பிப் போகலாம்.

இன்னொன்று நிலா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டி நகர்வு குறைவு. இந்தப் பகுதியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் மீன் இரையெடுப்பது அந்தச் சின்ன நகர்வை வைத்துத்தான். ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் நீர் ஏறும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் மற்ற ஆறு நாளுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு நல்ல நாளான அமாவாசைதான் ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுக்க வருவோர் நிறையும் நாள். அன்றைக்கு லாட்ஜில் இடம் கிடைப்பது பெரும்பாடு. அமாவாசைக்கு மறுநாள் போய்ச் சேருவது போல வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பாம்பனிலோ மண்டபத்திலோ தங்குங்கள். அக்னி தீர்த்தக் கரையில் தூண்டிலோடு நிற்பதும் வேண்டாம். பெற்றவர்களை நினைத்து மக்கள் நீரில் இறங்கும் இடம் அது.

தூண்டில் தடிகளைப் பிவிசி குழாய்க்குள் வைத்து இருபுறமும் மூடிக் கட்டினால் ரயிலில் எந்தக் கவலையும் இல்லை. இரண்டு தடி போதும். அலைக்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி, அமைதியான வடகரைக்கு ஏழடி. நரம்பு, ஈயம், முள் எல்லாம் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். கிழங்கான் மீனுக்கு ஆறு, எட்டு எண்ணில் சின்ன முள், பாறை மீனுக்கு அதைவிடப் பெரியது. தினமும் அறைக்கு வந்ததும் ரீலை ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இதை விட்டுவிட்டால் நான்காம் நாளே உப்பு பூத்து ரீல் சுற்றாது.

முதல் நாள் தூண்டில் போடாமல் இருப்பதே நல்லது என்பேன். விடியுமுன் கரைக்குப் போய், மணல்மேடு ஒன்றில் ஏறி நின்று கடலைப் பாருங்கள். அலை உடைந்து வெண்மையாகத் தெரியும் இடம் மேடு. அதற்கும் கரைக்கும் நடுவே கருநீலமாக ஒரு பட்டை ஓடினால் அது பள்ளம். கிழங்கான் மேய்வது அந்தப் பள்ளத்தில்தான். பலர் முழு பலத்தையும் கூட்டி மேட்டுக்கு அப்பால் எறிந்துவிட்டு, காலடியில் இருக்கும் மீனை விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தில் இரையை விழவைத்து, மணலில் உரசும்படி மெதுவாக இழுத்து நிறுத்தி, மறுபடி இழுங்கள். கிழங்கான் கடித்தால் விரலில் இரண்டு தட்டு தட்டும்.

அன்றைக்கு எங்காவது கரைவலை இழுத்தால் கேட்டுக்கொண்டு போய்க் கை கொடுங்கள். வலை கரையேறும்போது என்ன வருகிறது என்று பார்த்தால் அந்த வாரத்துக்கான பாடம் முழுக்க அதில் இருக்கும். சூடை நிறைய வந்தால் அதைத் துரத்திப் பாறையும் ஊளியும் கரையோரம் நிற்கின்றன என்று அர்த்தம். மறுநாள் விடிகாலை அங்கே தூண்டில் போடலாம்.

வடகரையில் கடற்புல் அதிகம். அடியில் இறக்கினால் முள் புல்லில் மாட்டும். அங்கே மிதப்பு கட்டி, புல்திட்டின் ஓரத்தில் இரையைத் தொங்கவிட வேண்டும். மடவைக்கும் ஓராவுக்கும் கோதுமை மாவு உருண்டை போதும். மற்றதற்கு இறாலும் கணவாயும். தடைக்காலத்தில் கடல் இறால் விலை ஏறிவிடும், பண்ணை வனாமிதான் எளிதாகக் கிடைக்கும். வனாமியின் சதை நீரில் ஊறியதும் பஞ்சாகி நழுவும். ஓட்டை உரிக்காமல் துண்டு போட்டு, முள்ளில் ஏற்றியபின் தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றுங்கள். கணவாயை விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டினால் நீரில் வால் ஆடுவது போல ஆடும், சின்ன மீன் கொத்தினாலும் லேசில் போகாது.

ஓராவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்கச் சாதுவான மீன், ஆனால் முதுகு முள்ளிலும் அடிமுள்ளிலும் விஷம் உண்டு. எனக்கு ஒருமுறை கட்டைவிரலில் ஏறி, தோள் வரை வலி தெறித்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் கொண்டுவந்து விரலை முக்கி வைக்கச் சொன்னார். அரை மணியில் வலி இறங்கியது. சுடுநீரில் வைப்பதுதான் இதற்கு மருத்துவர்களும் சொல்லும் முதலுதவி. வீக்கம் தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கெளுத்தி முள்ளும் இதே வகை. மீனைத் துணியால் பிடித்து, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். உப்பிப் பந்தாகும் பேத்தை மாட்டினால் நரம்பை வெட்டிவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

காலை பத்து மணிக்குமேல் வெயிலில் நிற்பதில் பயனில்லை. மீனும் ஆழத்துக்குப் போய்விடும், நமக்கும் தலை சுற்றும். விடியலில் மூன்று மணி நேரம், மாலை நாலரைக்குமேல் மூன்று மணி நேரம் போதும். நடுப்பகல் தூங்கத்தான். வாரத்தின் நடுவே ஒரு நாளை முழுதாக ஒதுக்கி வையுங்கள். காற்று கெடுத்த நாளுக்கு அது ஈடாகும், கெடுக்காவிட்டால் தனுஷ்கோடிக்குப் போகலாம். 1964 புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது சாலை இருக்கிறது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் கடுமையானது, காலைக்கூட நனைக்க வேண்டாம். 2025இல் அந்தப் பகுதியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். எங்கே தூண்டில் போடலாம் என்று வனத்துறையிடம் கேட்காமல் அங்கே போடாதீர்கள்.

படகில் ஏறும் ஆசை அப்போதும் விடாது. வள்ளத்தில் கூட்டிப் போகச் சொல்லி மீனவரை வற்புறுத்தாதீர்கள். அது மீன்பிடிக்கப் பதிவான கலம், ஆள் ஏற்ற அல்ல. ஏதாவது ஆனால் அவருடைய பிழைப்பே போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான், அதன் குறுக்கே நாட்டின் எல்லை ஓடுகிறது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலுக்கு இடமே இல்லை. குருசடைத் தீவைப் பார்க்க விரும்பினால் வனத்துறைப் படகு இருக்கிறதா என்று விசாரித்துப் பார்வையாளராகப் போய்வாருங்கள்.

எந்தக் கிராமத்துக் கரையிலும் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இங்க தூண்டி போடலாமா?" என்றால் போதும், வலை விரிக்கும் இடத்தையும் பாறை நிற்கும் இடத்தையும் அவரே கை காட்டுவார். தினமும் காலையில் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். கள்ளக்கடல் என்ற சொல் அதில் இருந்தால், காற்றே இல்லாமல் கடல் தட்டையாகத் தெரிந்தாலும் அன்றைக்குத் தென்கரைக்குப் போகாதீர்கள். எங்கோ தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை அது. சொல்லாமல் வந்து கரையேறும்.

பிடித்ததில் அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, சினை வயிற்றோடு வரும் மீனைக் கையை நனைத்துப் பிடித்துத் திரும்ப விடுங்கள். கரை முழுக்க விசைப்படகுகள் 61 நாள் கட்டிக் கிடப்பது அந்தச் சினைக்காகத்தான். கிழங்கான் நாலு இருந்தால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்துத் தரும் சாப்பாட்டுக் கடை கரையோரம் எங்காவது இருக்கும். மசாலாவுக்கும் எண்ணெய்க்கும் காசு கொடுத்துவிட்டு, சோறு அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.