சம்பளச் சீட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

‘நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே!’ என்ற தைரியத்தோடு மருத்துவமனைக்குப் போய், பில் கவுன்ட்டரில் திகைத்து நிற்கும் உள்ளாட்சி ஊழியர்கள் நிறையப் பேர். காப்பீடு இல்லாததல்ல இவர்களின் பிரச்சினை. எந்தக் காப்பீடு, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று தெரியாததுதான்.

ஒரே மாநகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் வரி வசூலிப்பவருக்கும், அதே வாசலைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் காப்பீடு வேறு வேறு. ஆகவே, ‘எது நல்ல பாலிசி?’ என்று கேட்பதற்கு முன், ‘காகிதத்தில் நான் யார்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை சம்பளச் சீட்டின் பிடித்தங்களில் இருக்கிறது.

நிரந்தரப் பணியாளர் என்றால்...

தமிழக அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் ஊழியர்களுக்கும் பொருந்தும். 2021 ஜூலை 1-ல் நான்கு ஆண்டுகளுக்கெனத் தொடங்கிய திட்டத்தில் மாதப் பிடித்தம் ரூ.300 ஆக இருந்தது; காப்பீடு குடும்பத்துக்கு ரூ.5 லட்சம்; பட்டியலிடப்பட்ட சில கடும் நோய்களுக்கு ரூ.10 லட்சம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த ரூ.5 லட்சம் ஓராண்டுக்கானது அல்ல. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. முதல் ஆண்டிலேயே ரூ.4 லட்சம் செலவானால், எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கும் கையிருப்பு ரூ.1 லட்சம்தான். மணமான ஊழியரின் பெற்றோர் இதில் சேர மாட்டார்கள். பிள்ளைகளும் வேலைக்குப் போனாலோ, திருமணமானாலோ, 25 வயது முடிந்தாலோ வெளியே வந்துவிடுவார்கள். திட்டம் புதுப்பிக்கப்பட்டு அரசாணை வரும்போதெல்லாம் தொகை, காலம், குடும்பம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஒப்பந்தப் பணியாளர் என்றால்...

மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருந்தால் உங்கள் பாதுகாப்பு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், வேலை தருபவர் பங்கு 3.25 சதவீதம். ரூ.15,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது சுமார் ரூ.113, அவர்கள் கட்ட வேண்டியது சுமார் ரூ.488. குடும்பத்துக்குச் சிகிச்சை கிடைக்கும். போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியமும், 26 வார மகப்பேறு பலனும் உண்டு. சாதாரண மருத்துவ பாலிசி மருத்துவமனைச் செலவைத்தான் தரும். படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம் தராது.

சம்பளத்தில் பிடித்த பணத்தை ஒப்பந்ததாரர் கட்டாமல் விடுவதுதான் இங்கே உள்ள ஆபத்து. உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ கிளை அலுவலகத்திலோ சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்பந்ததாரர் தவறினால், முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சி அமைப்புதான் பொறுப்பு.

இரண்டுமே இல்லை என்றால்...

கிராம ஊராட்சிகளில் குறைந்த ஊதியத்தில் உழைப்பவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவை அணுகுங்கள்.

தனி பாலிசி எடுக்கும்போது

நிரந்தரப் பணியாளர்களிடம் முகவர்கள் சொல்வது: ‘அரசு ரூ.5 லட்சம் தருகிறது. அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் போடுங்கள்.’ யோசனை நல்லதுதான்; கணக்கைப் பாருங்கள். டாப்-அப் பாலிசி ஒவ்வொரு ஆண்டும் ஒரு வரம்பைத் தாண்டிய செலவைத்தான் கொடுக்கும். அரசுத் திட்டத்தில் ரூ.1 லட்சம் மட்டும் மிச்சமிருக்கும் ஆண்டில் ரூ.6 லட்சம் செலவு என்று வையுங்கள். வரம்பு ரூ.5 லட்சம் என்றால் டாப்-அப் தருவது ரூ.1 லட்சம், உங்கள் கையிலிருந்து ரூ.4 லட்சம். வரம்பு ரூ.3 லட்சம் என்றால் கையிலிருந்து ரூ.2 லட்சம்தான். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் வரம்பு குறைந்ததே நல்லது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். மறைத்தால் பாலிசியே ரத்தாகலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

அரசுத் திட்டத்தில் சிகிச்சை மறுக்கப்பட்டாலோ, கூடுதல் பணம் கேட்டாலோ, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவமனையின் பெயர் அரசாணையில் இல்லை என்பதற்காக மட்டுமே செலவைத் தர மறுக்கக் கூடாது என்று மத்திய அரசின் ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள், அவசரநிலை என்ற மருத்துவர் சான்று மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தனி பாலிசியில் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இந்த மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் பிடித்தங்களை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத சக பணியாளருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதெல்லாம் ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு பார்க்கிற வேலை அல்ல.